எதிரே உட்கார்ந்த பெத்தம்மாள்

பெத்தம்மாளுக்கு ஆறு வயது. காது கேட்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், சுந்தரபாண்டியம் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். தலைமையாசிரியர் ஞானராஜ் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

"அதுக்குள்ள நாலு எழுத்தாவது வரலேன்னா பேரை அடிச்சிருவேன், டீச்சர்."

எனக்கு வீம்பு அதிகம். அந்த ஒருத்திக்காகத் தனி நோட்டுப் போட்டேன். மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்போம். எழுத்தின் பெயரை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். இவளிடம் கத்தி என்ன பயன்? என் வாயைப் பார்க்கட்டும் என்று எதிரே உட்காரவைத்தேன். நடுவில் மணல். நான் எழுதி, உதட்டை அசைத்துச் சொல்வேன். கண் கொட்டாமல் பார்ப்பாள். பிறகு மணலைக் கலைத்து அவளை எழுதவிட்டு, வழக்கம்போல முதுகுப்பக்கம் போய் நின்று பார்ப்பேன்.

தினமும் கிறுக்கல்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. ஒரே கிறுக்கலை இரண்டாம் முறையும் பிசகாமல் போட்டாள். கிறுக்குகிற பிள்ளைக்கு அது எப்படி முடியும்? எதற்கும் இருக்கட்டுமென்று, கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல அன்றன்று நோட்டில் அப்படியே வரைந்துவைத்தேன்.

தவணை முடிகிற நாளில் ஞானராஜ் ஐயா வந்து அவளுக்கு எதிரே நின்றார். நான் அவள் பின்னால். அவள் எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தேன்.

"இன்னும் கிறுக்கத்தான் செய்யுறா, ஐயா. பத்து நாள் கூடக் குடுங்க."

"எது கிறுக்கல்? 'படம்'னு எழுதியிருக்காளே."

"எங்க?"

"இந்தப் பக்கம் வந்து பாருங்க."

சுற்றிப் போனேன். படம். ஒரு சுழிகூடத் தப்பவில்லை. நான் எழுதியது எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்ததோ, அப்படியே தலைகீழாகக் கற்றிருக்கிறாள். கற்றுக்கொடுத்த மகராசி நான். வெட்கத்தில் ஐயாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பேரை அடிக்கவில்லை. திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதை எதிரே சாய்த்துவைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணலில் எழுத்து நேராகத் தெரிந்தது. என் வாய் கண்ணாடியில் தெரிந்தது.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அம்மா கருத்தம்மா வந்தாள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஒன்பதாம் நாள் பக்கத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன போட்டிருக்கு, டீச்சர்?"

"'அம்மா'ன்னு. ஒன்னத்தான் எழுதியிருக்கா."

"இன்னைக்கா எழுதுனா?"

"இல்ல. மூணு வாரமாச்சு. நாந்தான் பாக்கல."