டீசன்ட்டான சம்பந்தம்

தரகர் பிச்சைமணிக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவர் கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை கல்யாணங்களை முடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பையன் டீசன்ட்டுண்ணே" என்றார், சவேரியார்பட்டி மரிய ஜோசப் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும். "பேரு ரெக்ஸ். தேனியில டிராக்டர் கடையில வேலை. நம்ம வேதக்கார ஆளுகதான். குடும்பம் டீசன்ட். ஆண்டிபட்டியில சொந்த வீடு, அதுவும் டீசன்ட்."

"சம்பளம்?" என்று கேட்டாள் மரிய ஜோசப்பின் மனைவி வியாகுலமேரி.

"டீசன்ட்டு மதினி."

அந்த வார்த்தையைப் பையனுக்குச் சொன்னால், குடிக்க மாட்டான், குடித்தாலும் வெளியில் தெரியாது என்று பொருள். குடும்பத்துக்குச் சொன்னால், சண்டை உண்டு, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார்கள். வீட்டுக்குச் சொன்னால் கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. சம்பளத்துக்குச் சொன்னால், தரகருக்கே தெரியாது. கணவனும் மனைவியும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையாகத் தலையை ஆட்டி வைத்தார்கள்.

அவர்கள் மகள் மெர்லின் கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்தக் கேள்விக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவளுடைய தொழில் வியாதி.

"ஏன் சித்தப்பா, அவரு பேசுவாரா?" என்று தரகரிடம் கேட்டாள்.

"பேசுவாரும்மா. ஆனா நிறையப் பேச மாட்டாரு. டீசன்ட்."

அடுத்த வாரமே பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். வியாகுலமேரி காபியோடு, தோட்டத்தில் அன்று பறித்த பன்னீர் திராட்சையையும் வைத்தாள். எல்லாரும் கொட்டையை விழுங்கிக்கொண்டிருக்க, ரெக்ஸ் மட்டும் துப்ப இடம் தேடினான். கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் ஊதாக் கறை பரவியது.

"பாத்தீகளா, டீசன்ட்" என்றார் பிச்சைமணி.

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது அந்தக் கறையைப் பார்த்துத்தான்.

ரெக்ஸின் அப்பா சாலமன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுந்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதுபோலப் பேசினார்.

"சம்மந்தி, எங்களுக்கு ஒண்ணும் வேணாம். கேக்குற குடும்பம் நாங்க இல்ல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறதை டீசன்ட்டாச் செஞ்சிருங்க. அது போதும்."

முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு காரை நிறுத்தும் அளவுக்கு இடம் இருந்தது. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் மரிய ஜோசப் தரகரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏப்பா, டீசன்ட்டான்னா எம்புட்டு?"

"அதை நான் எப்படிண்ணே சொல்ல? அவுக மூத்த மருமக வீட்டுல டீசன்ட்டாச் செஞ்சாகளாம்."

"என்ன செஞ்சாக?"

"கார் ஒண்ணு."

"இவுக கேட்டாகளா?"

"கேப்பாகளா? தலைமையாசிரியரு குடும்பம்ணே. பொண்ணு வீட்டுக்காரக தானாக் கொண்டாந்து நிப்பாட்டினாக. இவுக 'அய்யய்யோ, இதெல்லாம் எதுக்கு'ன்னு சொல்லிக்கிட்டே சாவியை வாங்கிக்கிட்டாக."

இந்தப் பக்கத்தில் அதுதான் முறை. பையன் வீட்டார் கேட்கக் கூடாது, பெண் வீட்டார் கண்டுபிடிக்கவேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தால் யாரும் திட்ட மாட்டார்கள். பெண்ணிடம் மட்டும் ஆயுள் முழுக்க அளவோடு பேசுவார்கள்.

மரிய ஜோசப்புக்கு இருந்தது வாய்க்கால் ஓரத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றுதான். பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சாண்டிக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். கார் வாங்க அதை விற்பதென்றும், கோயிலில் கல்யாண ஓலை மூன்றாம் முறை வாசித்த மறுநாள் கிரயம் செய்துகொள்வதென்றும் இருவரும் வாய்ப்பேச்சில் முடித்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் மெர்லின் நேராக அப்பாவிடம் போனாள்.

"தோட்டத்தை வித்துட்டு நீங்க என்ன செய்வீக?"

"ஒச்சாண்டி அங்கனயே வேலைக்கு இருந்துக்கச் சொல்றான்."

"உங்க தோட்டத்துல நீங்களே கூலிக்கா?"

"மெதுவாப் பேசு ஆத்தா. டீசன்ட்டாச் செய்யணும்ல."

அவள் ரெக்ஸுக்குப் போன் போட்டாள். "உங்கப்பா 'டீசன்ட்டா'ன்னு சொன்னாகளே, அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று உறுமி ஓய்ந்தது. "அதை எப்படிங்க அப்பாகிட்டப் போய்க் கேக்குறது? டீசன்ட்டா இருக்காதே."

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அதை அவுககிட்டச் சொல்லிருக்கீகளா?"

"சொன்னேன். 'பெரியவுக பேசுற இடத்துல டீசன்ட்டா இரு'ன்னு சொல்லிட்டாரு."

கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று. சவேரியார்பட்டியில் யாரும் எந்தத் தடையையும் தெரிவித்ததாகச் சரித்திரம் இல்லை. ஓலை வாசிக்கிற நேரம் செருப்பைத் தேடுகிற நேரம்.

மூன்றாம் ஓலையன்று சாலமன் குடும்பமும் வந்திருந்தது. பூசை முடிந்து இரு வீட்டாரும் ஒரே வேனில் தேனிக்குப் பட்டு எடுக்கப் போவதாக ஏற்பாடு. சாமியார் வாசித்து முடித்தார். கூட்டம் செருப்பைத் தேடியது. மெர்லின் நேராகப் பீடத்துப் பக்கம் நடந்தாள்.

"சாமி, அந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

சாமியார் ஓலையை மறுபடி பார்த்தார். "மணமகள் மெர்லின்னு போட்டிருக்கு. நீதானேம்மா அது?"

"நான்தான் சாமி."

தடையைத் தெரிவித்தால் விசாரிக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சாமியார் இரண்டு குடும்பத்தையும் தம்முடைய பங்களாவுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே ஊர் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கறி அடுப்பேறாமல் கிடக்க, பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு கட்சியும், பெண்ணுக்கு ஆகிவிட்டது என்று மறு கட்சியும் பேசத் தொடங்கின.

உள்ளே மெர்லின் சொன்னாள்: "எங்கப்பா தோட்டத்தை விக்கப்போறாரு சாமி. நாளைக்குக் கிரயம். யாரும் கேக்கல, ஆனா விக்கிறாரு."

"இது தடை இல்லையேம்மா."

"'ஏதாவது தடை'ன்னுதானே வாசிச்சீக சாமி? தோட்டத்தை வித்துத்தான் நடக்கும்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம். விக்க வேணாம்னா சம்மதம். மாமாவுக்கு என்ன வேணும்னு அவுக வாயால சொல்லணும். அம்புட்டுத்தான்."

மரிய ஜோசப் தரையைப் பார்த்தார். வியாகுலமேரி மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சாமியாருக்கே சங்கடமாகிவிட்டது. "இப்படி நேருக்கு நேர் கேக்குறது டீசன்ட்டா இருக்குமாம்மா?"

"கேக்கலைன்னா எங்கப்பா கூலிக்குப் போவாரு சாமி. அது டீசன்ட்டா இருக்குமா?"

சாமியார் சாலமனிடம் திரும்பினார். "சொல்லுங்க சார். என்ன எதிர்பாக்குறீங்க?"

சாலமன் முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர். பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. சுவரில் சேசுவின் திரு இருதயப் படம் தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு காரின் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"நான்... அன்னைக்கே சொல்லிட்டேனே சாமி. ஒண்ணும் வேணாம்னு."

"அப்ப கார் வேணாம்ல சாமி" என்றான் ரெக்ஸ்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அறைக்குள் வந்ததிலிருந்து பேசிய முதல் வாக்கியம் அது.

"எந்தக் கார்?" என்று கேட்டார் சாமியார்.

"அண்ணனுக்கு வந்தது மெயின் ரோட்டுலயே தார்ப்பாய் போத்தி நிக்குது சாமி. எங்க தெருவுக்குள்ள நுழையாது. இன்னொண்ணு வந்தா எங்கன நிப்பாட்ட?"

சாலமன் இருமினார். இருமல் ஓயும்வரை மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் எழுந்து வெளி வராந்தாவுக்குப் போனார். வதந்தியை அடக்கவேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. "தடை ஒண்ணும் இல்லப்பா. மாப்பிள்ளையோட தகப்பனார் தலைமையாசிரியர் சாலமன், நகையோ வாகனமோ பணமோ எதுவும் வேண்டாம்னு என் முன்னால உறுதி சொல்லியிருக்காரு" என்று அறிவித்தார்.

ஊர் கைதட்டியது. யாரோ பங்களாவுக்குள் நுழைந்து சாலமன் கையைக் குலுக்கினார்கள். மரியாயின் சேனைப் பெண்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதல் போட்டோவில் அவர் முகம் பல்வலிக்காரன் முகம்போல இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் தெளிந்தது. வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவர் பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தியபோது, அவரே மைக் கேட்டார்.

"வரதட்சணை என்பது ஒரு சமூகக் கொடுமை" என்று தொடங்கினார். வேன் டிரைவர் வந்து கூப்பிடும்வரை முடிக்கவில்லை.

வேனுக்கு வெளியே ஒச்சாண்டி காத்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, நாளைக்குக் காலையில வரலாம்ல?"

மரிய ஜோசப் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் 'பாப்போம்' என்பார். 'வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்' என்பார். இன்று மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல ஒச்சாண்டி. தோட்டத்தை நான் விக்கல."

"வாய்வார்த்தை பேசியாச்சேண்ணே. நம்ம பழக்கத்துக்கு இது டீசன்ட்டா?"

"இல்லைதான். மன்னிச்சுக்க. ஆனா விக்கல."

சொல்லி முடித்தவருக்கு முகம் வியர்த்திருந்தது. ஏதோ மூட்டையை இறக்கியவர்போலத் துண்டால் துடைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சாலமன் அங்கேயும் பேசினார். அவரை இப்போது பக்கத்துப் பங்குகளில் வரதட்சணை ஒழிப்பு பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். போய்வர அவருக்கு மூத்த மகனின் கார் உதவியாக இருக்கிறது.

விருந்து முடிந்ததும் தரகர் பிச்சைமணி வியாகுலமேரியிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"மதினி, நம்ம தரகு..."

"எம்புட்டுன்னு சொல்லுங்க."

"நான் என்னத்தைக் கேக்க? நீங்களாப் பாத்து டீசன்ட்டாச் செய்ங்க."

வியாகுலமேரி உள்ளே போனாள். ஒரு கூடை பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பிச்சைமணி கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பழத்தை வாயில் போட்டு, கொட்டையைத் துப்ப இடம் தேடி, கடைசியில் விழுங்கினார்.

"மதினி" என்றார் மெதுவாக. "தொகையாவே சொல்லிரவா?"