கயிற்றின் கடைசி ஆள்

கூரையைத் தாங்கும் உத்தரமான பனைமர வளை சுவரில் ஏறினால்தான் கூரை. மாரி தொடங்கிவிட்டது. தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த நிறஞ்சனாவின் கைக்குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. கூரைத் தகரம் இராணுவச் சோதனைச் சாவடி தாண்டி வராது. பழைய வீட்டில் குண்டு விழுந்தபோது உடையாமல் மிஞ்சிய ஓடுகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. அவ்வளவு பாரத்தையும் பனைதான் தாங்கும்.

வளையின் ஒரு தலையைக் காலையிலேயே எதிர்ச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். மறு தலையில் கயிறு கட்டியிருந்தது. கயிறு சுவர் உச்சியில் நட்ட கம்பத்தின் கிணற்றுக் கப்பி வழியாக முற்றத்துக்கு வந்தது. கப்பிக்குப் பக்கத்தில், மரத்தைச் சுவரில் வெட்டிய பள்ளத்தில் இருத்துவதற்காக, நிறஞ்சனாவின் கணவன் றொமேஸ் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்திருந்தான்.

கீழே இழுக்க நாலு பேர். முன்னால் நிறஞ்சனா, அவளுக்குப் பின்னால் தாய் யூலிற்றா, உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அயலவர் சிற்றம்பலம், கடைசியில் தகப்பன் அருளப்பு. அருளப்புதான் பாரமான ஆள். முள்ளிவாய்க்கால் கரையில் சிறுவயதிலிருந்தே கரைவலை இழுத்த மீனவர்.

"அப்பா, கயித்தைத் தென்னையில ஒரு சுத்துப் போட்டு இழுப்பமே?" என்றாள் நிறஞ்சனா.

"போடி, மாடே கட்டுறம்? சுத்தினால் கயிறு ஓடாது. மழைதான் ஓடி வரும்."

"கடல்காரர் இழுத்தால் வளையில்லை, சுவரே வந்திடும்," என்றார் சிற்றம்பலம்.

"மாமா, கதைச்சது காணும்," மேலேயிருந்து றொமேஸ் கத்தினான். "எனக்கு இங்கை குண்டி நோகுது."

யூலிற்றா சிரித்தாள். அருளப்பு வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்தார். மற்றவர்கள் ஏலேலோ போட்டார்கள். பாட்டுக்கு ஒரு அடியாகப் பின்னுக்கு நடந்தார்கள். மரம் எழும்பியது. றொமேஸ் குனிந்து அதன் தலையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தான்.

அருளப்புவின் முதுகு வேலியில் முட்டியது.

கரைவலையில், பின்னால் இடம் முடிந்தவன் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீரோரம் மறுபடி பிடிப்பான். வலை மணலில் கிடக்கும், எங்கும் போகாது. அருளப்பு பாட்டை நிறுத்தவில்லை. கயிற்றை விட்டார். முன்னால் நடந்தார்.

மற்ற மூவரின் கைகளையும் உரித்துக்கொண்டு கயிறு ஓடியது. மரம் விழுந்தது. அணைத்திருந்தவனையும் கொண்டு விழுந்தது.

புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உழவு இயந்திரப் பெட்டியில் றொமேஸ் இறந்துபோனான்.

அவனை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பிய பிறகும் மழை பெய்தது. குழந்தை இருமியது. வளை விழுந்த இடத்திலேயே கிடந்தது. அருளப்பு அதைச் சுற்றிப் போவார், தாண்ட மாட்டார்.

மழை விட்ட ஒரு காலை சிற்றம்பலம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை மேலே அவரே ஏறினார். நிறஞ்சனா கயிற்றைத் தென்னையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். கைகளில் தோல் இன்னும் மூடவில்லை. பிறகு கயிற்றின் நுனியைத் தகப்பனிடம் கொண்டுபோனாள்.

"நான் வேண்டாம் பிள்ளை."

"இடம் மாறத் தேவையில்லை. நிண்ட இடத்தில நிண்டு, வாற கயித்தை இழுத்துப் பிடியுங்கோ."

"வேறை ஆக்களிட்டக் குடு."

"நீங்கள்தான் பிடிக்கோணும்."

அவர் பிடித்தார். யாரும் பாடவில்லை. கயிறு தென்னையின் பட்டையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. மரம் பள்ளத்தில் இறங்கிய சத்தம் கேட்டது.

"இருந்திட்டுது! விடுங்கோ!"

எல்லோரும் விட்டார்கள். அருளப்பு விடவில்லை.

"விடுங்கோ அப்பா. முடிஞ்சுது."

"மேல ஆள் இருக்கு."

சிற்றம்பலம் ஏணியால் இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்றார். "நான் இறங்கிட்டன், அருளப்பண்ணை. இஞ்சை பாருங்கோ."

அருளப்பு பார்க்கவில்லை. நிறஞ்சனா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்தாள். கழற்றிய விரல் மறுபடி மடங்கியது. அவர் சுவரின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.