போட்டியே இல்லை

பெர்னடெட்டும் நானும் ஒரே வகுப்பில் நர்ஸ் படிப்பு முடித்தவர்கள். அவள் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நான் மேட்டு ஆஸ்பத்திரியில். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் பிள்ளை பெற இந்த இரண்டை விட்டால் வேறு இடம் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு மேல் அவளிடம்தான் போவார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஆஸ்பத்திரி அவர்களுடையதை வாங்கப்போகிறது என்று தெரிந்த அன்று வார்டுக்கே கேக் வாங்கிக்கொண்டு போனேன். அங்கே பிரசவ வார்டை மூடிவிடுவார்கள். பெர்னடெட் எனக்குக் கீழே வேலை பார்ப்பாள். லீவு வேண்டுமென்றால் என் மேசை முன்னால் நின்று கேட்பாள். எந்தக் கிழமை மறுப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

குறுக்கே வந்தது அரசாங்கம். இரண்டும் ஒன்றானால் ஊரில் போட்டி இருக்காது, கட்டணம் ஏறும், கவனிப்பு குறையும் என்று வழக்குப் போட்டது. எங்கள் தரப்புச் சாட்சிகளில் நானும் ஒருத்தி. வக்கீல் விட்டேக்கர் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஆத்தங்கரை ஆஸ்பத்திரி எங்களுக்குப் போட்டியே இல்லைன்னு சொல்லுங்க மேடம். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

கோர்ட்டில் அப்படியே சொன்னேன். அரசாங்க வக்கீல் தாலியா எழுந்து வந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும்.

"போட்டி இல்லைன்னா அவங்க வார்டு எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க வார்டை விட ஒரு படி மேலன்னு கேள்விப்பட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும்.

"யார் சொன்னது? பிள்ளை பெத்தவங்களுக்கு அவ ஸ்டேக் கறி விருந்து வெச்சா, நான் அடுத்த மாசமே கேக்கும் சேத்து வெச்சேன். அவ மயக்க டாக்டரை ராத்திரியெல்லாம் வார்டுலயே உக்கார வெச்சா, நானும் சண்டை போட்டு ஒருத்தரை வாங்கினேன்."

"வெந்நீர்த் தொட்டி?"

அது சுட்டது. என் மகள் ஜோலீன் தலைப்பிள்ளையை என் வார்டில் பெறவில்லை. பிரசவ வலி தணிய உட்காரும் தொட்டி இருக்கிறது என்று பெர்னடெட்டின் வார்டுக்குப் போனாள். என் பேரனை முதலில் கையில் வாங்கியவள் பெர்னடெட். நான் பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களைப் போல, பூங்கொத்தோடு போய் நின்றேன்.

"அவ ஒண்ணு வெச்சிருந்தா. நான் ரெண்டு வெச்சேன்."

விட்டேக்கர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தாலியா விடவில்லை.

"அந்த வார்டை மூடிட்டா, அடுத்து என்ன செய்யறதா இருக்கீங்க மேடம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

"இனி எதுக்குச் செய்யணும்? அதான் அவ இருக்க மாட்டாளே."

நான் சொன்னது என்னவென்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. தாலியா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நீதிபதி இணைப்பைத் தடுத்துவிட்டார். தவக்கால வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு பெர்னடெட் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் வயித்தெரிச்சல் நல்லா இருக்கணும்னு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்டி. அதுதானே என் வார்டைக் காப்பாத்துச்சு."

"வாயில மீனைப் போட்டு மூடு."

"மூடறேன். இதை மட்டும் கேட்டுக்கோ. அடுத்த மாசத்துலேர்ந்து, பிள்ளை பெத்து வீட்டுக்குப் போனவங்களைப் பாக்க வீட்டுக்கே ஒரு நர்ஸை அனுப்பப் போறோம்."

மீனை அப்படியே தட்டில் வைத்தேன். இவ்வளவு நல்ல யோசனை இவளுக்கு ஏன் முதலில் தோன்ற வேண்டும்? மேசைக்கு அடியில் போனை எடுத்து எங்கள் இயக்குநருக்குச் செய்தி அனுப்பினேன். பிரசவமானவர்களின் வீட்டுக்கு அனுப்ப நர்ஸ் வேண்டும், இந்த மாதமே வேண்டும், இரண்டு பேர் வேண்டும்.