பெட்டி சொன்ன நம்பர்

ஜெயராசா அடுப்புக் கதவைத் திறந்தார். வெற்றிலை எச்சில் நிறத்தில் இருக்க வேண்டிய இரும்புக் குழாய்கள் பழுத்த பப்பாளியாகியிருந்தன. லுணுகலைத் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்தைக் காயவைக்கும் காற்றைச் சூடாக்கும் அடுப்பு அது. இருபத்தாறு வருசமாக அவர்தான் அதற்கு விறகு போடுகிறார். நெருப்புக்குள் செருகியிருந்த சூடறியும் கம்பி, சுவர்ப் பெட்டியில் 640 என்று காட்டியது.

"ஐயா, கம்பி பொய் சொல்லுதுங்க. இதுக்கு மேல கட்டை போட்டா குழாய் தாங்காது."

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அடுப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

"கம்பிக்குத் தெரியாதது உம்மட கண்ணுக்குத் தெரியுதோ? எழுநூறு வருமட்டும் போடும்."

"வருசக்கணக்கா நெருப்புல கெடந்தா மனுசனுக்கே புத்தி பெரண்டுரும். கம்பிக்குப் பெரளாதாங்க?"

"கதை அளக்காமப் போடும்!"

போட்டார். அரைமணிக்கு ஒரு தரம் பெட்டி காட்டும் நம்பரைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வைக்க வேண்டும். நம்பரும் தன் பெயரும்தான் அவருக்கு எழுத வரும். 640. 650. 655. நிறத்தை எழுத அந்தக் கொப்பியில் கட்டமில்லை.

பதினொரு மணிக்குக் குழாய் பிளந்தது. நெருப்பும் புகையும் சூட்டுக் காற்றோடு ஏறி அன்றைய கொழுந்தெல்லாம் கருகிப்போனது.

மூன்றாம் நாள் தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னால் விசாரணை. குமாரசிங்கம் கொப்பியை விரித்தார்.

"அறுநூற்றைம்பதில இரும்பு பிளக்காது சேர். இவர் கண்டபாட்டுக்குக் கட்டையைப் போட்டிட்டு நம்பரைப் பொய்யா எழுதியிருக்கிறார்."

"நீங்கதானேங்க போடச் சொன்னீங்க! பெட்டிக்குக் கொப்பி சாட்சின்னா, வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன மாதிரிதானேங்க!"

"இது உம்மட கையெழுத்தோ, இல்லையோ?"

அவருடையதுதான்.

வேலை நிப்பாட்டு. அவர் பேரில் இருந்த, குடியிருக்கும் லயக் காம்பராவையும் மாதக் கடைசியில் விட வேண்டும்.

கையுறையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, டீமேக்கர் பக்கத்தில் நிற்க, பதுளையிலிருந்து வந்த மெக்கானிக் ரிப்கான் பழைய கம்பியை உருவிக்கொண்டிருந்தார். தட்டியதும் பொருபொருவென்று உதிர்ந்தது.

"இது மவுத்தாகி வருசமாகியிருக்கும் சேர். எப்பிடியும் முந்நூறு கொறச்சுத்தான் காட்டியிருக்கும்."

ஜெயராசா டீமேக்கரின் முகத்தைப் பார்த்தார். டீமேக்கர் புதுக் கம்பியைப் பார்த்தார்.

"புதுசு சரியா வேலை செய்யுதோ?"

"செய்யுது சேர்."

"ஜெயராசா, வந்தனீர்தானே. அந்தச் சாம்பலை அள்ளிக் கொட்டிப்போட்டுப் போம்."

சாம்பலோடு கம்பித் துண்டுகளும் மண்வெட்டியில் வந்தன. துரையிடம் காட்டலாமென்று ஒன்றை எடுத்து மடியில் முடியப் பார்த்தார். முடியுமுன்பே அது பொடியாகி விரலெல்லாம் கரியாக ஒட்டிக்கொண்டது.