இடது, வலது, மிச்சம்

மூன்று எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் புரோகிராமோடு ஜெயசீலன் அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தரையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம், அதாவது அப்பர், தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஹேமலதா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மொதல்ல ரெண்ட மட்டும் பாருங்க. அதுல பெருசு எதுவோ அத மூணாவதோட பாருங்க." அப்படியே போட்டான், ஓடிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவனுக்கு அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் செக்கர். எட்டு வருஷமாக நின்றுகொண்டே ஷூவில் குறை பார்க்கிற வேலை. பிளானிங் ரூமில் ஒரு நாற்காலி காலியானது. பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், சனிக்கிழமை சொந்தமாக ஒரு சின்ன புரோகிராம் எழுதி எடுத்துவந்து ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வீடியோ பார்த்துக் கற்க ஆரம்பித்தான். ஒற்றைப்படையா இரட்டைப்படையா, ஏழாம் வாய்ப்பாடு, தனிவட்டி. வீடியோவில் இருப்பதை அச்சு பிசகாமல் அடிப்பான். அவன் எழுந்ததும் ஹேமலதா உட்காருவாள். வீடியோக்காரர் மாம்பழத்தை எண்ணினால் இவள் அப்பரை எண்ண வைப்பாள். ஏன் அப்படி என்று கேட்டால், மாற்றிப் பார்த்தால்தானே புரியுது என்பாள். பத்தாவதோடு நின்றவளுக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் தைக்கிறவர்களும் வரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்ததைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அப்பர் மூட்டை கொண்டுவரும் முனீர் அகமது பாய்தான் போட்டு உடைத்தார். நீயும் போம்மா என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

மூட்டையில் இடதும் வலதும் கலந்துகட்டி வரும், ஒரு பக்கம் எப்போதும் கம்மியாக இருக்கும். எத்தனை ஜோடி தேறும், எந்தக் காலில் எத்தனை மிச்சம் என்று சொல்கிற புரோகிராம் அவளுடையது. ஒரு லாட்டில், அதாவது சேர்ந்தாற்போல் வரும் ஒரு தொகுதி ஷூவில், நூற்றுக்கு எத்தனை ரிஜெக்ட் என்று சொல்வது அவனுடையது. அவளுடையதுதான் நன்றாக இருந்தது. அதுதான் அவனைத் தின்றது.

சனிக்கிழமை காலை தைத்த மூட்டையைக் கொடுக்க அவள் தெருமுனைக்குப் போனாள். ஜெயசீலன் அவள் புரோகிராமைத் திறந்தான். ஒரு புள்ளியை எடுத்தால் எந்த வரியில் தப்பு என்று மெஷினே காட்டிக்கொடுத்துவிடும், அது அவனுக்குத் தெரியும். அதனால் இரண்டில் சிறியதை எடு என்று இருந்த இடத்தில் பெரியதை எடு என்று மாற்றினான். இதற்கு மெஷின் வாயைத் திறக்காது. கட்டின பெண்டாட்டிக்குச் செய்கிறோமே என்று கொஞ்சமாவது தோன்ற வேண்டாமா? சேவ் பண்ணி மூடிவைத்தான்.

திரும்பி வந்தவள் நேராக லேப்டாப் முன் உட்கார்ந்து இடது ஐந்து, வலது மூன்று என்று அடித்தாள். ஐந்து ஜோடி என்று வந்தது. விரலை விட்டு எண்ணினாள். "நேத்து சரியா இருந்துச்சே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருத்தினாள். அவன் சட்டைப் பொத்தானில் மும்முரமாக இருந்தான்.

"ஏங்க," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "உங்களுதையும் ஒருவாட்டி ஓட்டிப் பாத்துக்கோங்க. முந்தாநேத்து அதுல கணக்கு தப்பா வந்துச்சு, சரி பண்ணி வச்சிட்டேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

தலை பின்ன உள்ளே போய்விட்டாள்.

இருநூறில் பத்து ரிஜெக்ட் என்று அடித்தான். நூற்றுக்கு ஐந்து என்றது. சரிதான். தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்து இதற்கு முன் அவன் ஓட்டிப் பார்த்ததே இல்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். எல்லாமே அவன் அடித்தது போலத்தான் இருந்தது. கீழிருந்து மேலே படித்தான். கிளம்பலாமா என்று வாசலில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். திரையில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து அவன் தேடிக்கொண்டிருந்தான், எது அவள் திருத்தியது என்று.