பாலேந்திராவின் அட்டை

“வேண்டாம் எண்டு கேக்கேக்க கையைத் தூக்கும். ஓம் எண்டு கேக்கேக்க பேசாமல் இரும். அவ்வளவுதான் விசயம்.”

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே பாலேந்திரா சொன்னார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் பெற்றோல் நிலையத்தில் அவருக்குப் பத்து மணிக்கு ஷிப்ட். தவமலர் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

“எது வேண்டாம்?”

“ஒன்றியத்தில பொம்பிளையளுக்கும் தனித்தனி வோட்டு வேணுமாம். கமிற்றியிலயும் ஆம்பிளையளுக்குச் சரிசமனாய் இருக்கவேணுமாம். இராசரத்தினம் அண்ணை வந்து கேட்டவர், வேண்டாம் எண்டு போடச்சொல்லி. நான் ஓம் எண்டிட்டன்.”

“அப்ப எனக்கு வோட்டு வேண்டாம் எண்டு நானே போய்க் கை தூக்கவேணுமோ?”

“நீர் இல்லை. நான்தான் தூக்கிறன். அது என்ர அட்டை.”

“கை என்ரயெல்லோ?”

“மலர், பஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வேம்படிக்காடு மக்கள் ஒன்றியம் என்ற அவர்களுடைய ஊர்ச் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு பச்சை அட்டை. அதில் குடும்பத் தலைவரின் பெயர் இருக்கும். அட்டைக்கு ஒரு வோட்டு. லண்டனுக்கு வந்த பிறகு இந்த விதிக்கு ஒரு வால் முளைத்தது. ஆண்களில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கூட்டத்துக்கு ஆள் சேராது. ஆகவே, ஷிப்டில் நிற்கிறவரின் அட்டையை மனைவி கொண்டுவந்து தூக்கலாம் என்று எழுதிச் சேர்த்தார்கள். அவர் சொல்லிவிட்டபடி தூக்குவதுதான் மனைவியின் வேலை. தவமலரும் ஐந்து வருடமாகத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். பொங்கல் விழா எந்த மண்டபத்தில், சுற்றுலா எந்தக் கடற்கரைக்கு என்ற மாதிரியான விசயங்கள். கை வலித்ததே தவிர மனம் வலித்ததில்லை.

இந்த முறை அப்படியில்லை. அவளுக்குத் தனக்கென்று ஒரு அட்டை வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதேநேரம் இராசரத்தினம் அண்ணை வேற்று ஆளும் இல்லை. 2001இல் ஜேர்மனியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய தவமலருக்கும் பாலேந்திராவுக்கும் செவன் கிங்ஸில் வீடு பிடித்துத் தந்து, முதல் கிழமை முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்து தந்த மனிதர். அவருக்குக் கொடுத்த சொல்லை எப்படி மீறுவது?

பள்ளிக்கூட மண்டப வாசலிலேயே கஜந்தினி பிடித்துக்கொண்டாள். கஜந்தினிக்கு அட்டை இல்லை. கணவன் சுஜீத் பிரிந்து பாரிசுக்குப் போனபோது அட்டையும் அவனோடு போய்விட்டது. ஒன்றியத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமாகப் படிப்பிக்கிறாள். அந்தப் பள்ளியைப் பற்றிக்கூடக் கூட்டத்தில் வாய் திறக்க அவளுக்கு உரிமையில்லை.

“மலரக்கா, நீங்கள் ஓம்தானே?”

“நான் ஓம்தான். ஆனால் இண்டைக்கு வந்திருக்கிறது அவரெல்லோ.”

கஜந்தினி தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “எங்க அண்ணை?”

“இதுக்குள்ள” என்று தவமலர் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

கூட்டம் தொடங்கியது. செயலாளர் சிவதர்ஷன் தீர்மானத்தை வாசித்தான். ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாமல் பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, எல்லாப் பதவிக்கும் சம உரிமை. தூக்கிய அட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நிறைவேறும்.

தலைவர் இராசரத்தினம் எழுந்தார்.

“ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு வோட்டு எண்டால் பிறகு என்ன கறி வைக்கிறது எண்டதுக்கும் வோட்டெடுக்க வேண்டிவரும்.”

ஆண்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து றோஸ்மலரின் குரல் வந்தது.

“முதல்ல ஆர் வைக்கிறது எண்டு எடுப்பம் அண்ணை!”

இப்போது பெண்கள் சிரித்தார்கள். தவமலரும் சிரித்துவிட்டு, அவருடைய அட்டையை வைத்துக்கொண்டு நான் சிரிக்கலாமோ என்று யோசித்து நிறுத்திக்கொண்டாள்.

“ஓம் எண்டுறவை தூக்குங்கோ!” என்றான் சிவதர்ஷன்.

அட்டைகள் எழும்பின. பல கைகளில் வளையல் இருந்தது. தவமலரின் விரல்கள் பச்சை அட்டையை மடியிலேயே அழுத்திப் பிடித்திருந்தன. சிவதர்ஷன் நடந்து நடந்து எண்ணினான். நாற்பது.

“வேண்டாம் எண்டுறவை?”

அவள் தூக்கினாள். ஆனால் கை காதுக்கு மேலே போக மறுத்தது.

“அக்கா, அது வோட்டோ, காது சொறியிறியளோ?”

“வோட்டுத்தான் தம்பி.”

“அப்ப இருவத்தொண்டு.” சிவதர்ஷன் கல்குலேட்டரைத் தட்டினான். “எல்லாமா அறுவத்தொண்டு. நாப்பத்தொண்டு வேணும். ஓம் எண்டது நாப்பது. ஒண்டு காணாது.”

மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. சுவரோரம் நின்ற கஜந்தினி கிட்ட வந்து குனிந்தாள்.

“நீங்களோ அக்கா?”

“நானில்லையடி. அவர்.”

“அவர் இஞ்ச இல்லையே. நீங்கள்தானே இருக்கிறியள்.”

மேடையில் இராசரத்தினம் தொண்டையைச் செருமினார்.

“ஆகவே இந்தத் தீர்மானம் தோற்…”

“பொறுங்கோ அண்ணை!” எழுந்து நின்றது தான்தான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. “ஒருக்கால் அவரைக் கேக்கவேணும்.”

“என்னத்தைக் கேக்கிறது பிள்ளை? அவன் சொல்லித்தானே விட்டவன்!”

அதற்குள் அவள் செல்போனைக் காதில் வைத்துவிட்டாள்.

“இஞ்சருங்கோ, உங்கட ஒரு வோட்டால தோக்குதாம்.”

“என்ன தோக்குது?” பாலேந்திரா யாருக்கோ ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். “கெதியாச் சொல்லும், ஆக்கள் நிக்கினம்.”

“எனக்கு வோட்டு வேண்டாம் எண்டோ நீங்கள் நினைக்கிறியள்?”

“உம்மை ஆர் நினைச்சது? அண்ணை கேட்டவர், ஓம் எண்டனான்.”

“இப்ப நினையுங்கோ.”

“இப்பவோ? வரிசையில ஆறு பேர் நிக்கினம் மலர்.”

“இஞ்ச ஒரு மண்டபமே பாத்துக்கொண்டு நிக்குது.”

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி இரண்டு முறை கீச்சிட்டது.

“எனக்குத் தெரியேல்லை மலர். சத்தியமாத் தெரியேல்லை.” போன் வைக்கப்பட்டது.

“என்னவாம்?” என்றார் இராசரத்தினம்.

“தெரியாதாம்.”

“தெரியாதெண்டால்?”

“அண்ணை, அவர் சொன்னபடி நான் தூக்கினன். இப்ப அவருக்கே தெரியாதாம். தெரியாத ஆளின்ர வோட்டை நான் என்னெண்டு தூக்கிப் பிடிக்கிறது?”

“அப்ப ஓம் எண்டு மாத்தப்போறியோ?”

“ஐயோ, அது களவெல்லோ!” அட்டையைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். “அவர் தூக்கேல்லை எண்டு எழுதுங்கோ.”

சிவதர்ஷன் மறுபடி தட்டினான். திரையைப் பார்த்தான், அழித்துவிட்டு இன்னொருமுறை தட்டினான்.

“அண்ணை… இப்ப தூக்கின அட்டை அறுவது. அதில மூண்டில ரெண்டு நாப்பது. நாப்பது இருக்கு.”

பேரிரைச்சல். தூக்கிய கையை இறக்கலாமோ என்று ஒருவர் கத்தினார். ஏன், அது கொடிக்கம்பமோ என்று றோஸ்மலர் திருப்பிக் கத்தினாள். இராசரத்தினம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார்.

“முடிவு அறிவிக்க முன்னம் மாத்தலாமாம்” என்றார் கடைசியில். “நான் தோற் எண்டுதான் சொன்னனான். முடிக்கேல்லை.” பிறகு மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில், தீர்மானம் நிறைவேறியது என்றார்.

கஜந்தினி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவள் அழுதாள், தவமலருக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

“நான் ஒண்டும் செய்யேல்லையடி. உண்மையா ஒண்டுமே செய்யேல்லை.”

வெளியே வரும்போது இராசரத்தினம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“உன்ர மனுசன் எனக்குச் சொல்லுத் தந்தவன், பிள்ளை.”

“தெரியும் அண்ணை. அதுதான் எனக்கும்…” ஒரு கதிரையைத் தூக்கி அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆறரைக்கு பாலேந்திரா வீட்டுக்கு வந்தார்.

“வெண்டதோ தோத்ததோ?”

“ஆர்?”

“நாங்கள்.”

“நீங்கள் தோத்திட்டியள். நான் வெண்டிட்டன் எண்டு நினைக்கிறன்.”

நடந்ததைச் சொன்னாள். அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் வேண்டாம் எண்டனானோ இல்லையோ?”

“கொஞ்ச நேரம் எண்டனீங்கள். பிறகு விட்டிட்டியள்.”

“ஆரைக் கேட்டு விட்டனான்?”

“உங்களைக் கேட்டுத்தான்! போன் எடுத்தனானெல்லோ?”

அதில் எங்கோ பிழை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

“இனி அண்ணைக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது? நீர் கதையுமன்.”

“சொல்லுக் குடுத்தது நீங்கள். நீங்களே கதையுங்கோ.”

ஒற்றைச் சப்பாத்தோடு போய் நம்பரை அழுத்தினார். “அண்ணை… ஓம் அண்ணை… இல்லை அண்ணை… அவள் சொன்னவள்… எனக்கும் விளங்கேல்லை அண்ணை.” பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உம்மட அட்டை அடிக்கவேணுமாம். முழுப் பேர் என்னெண்டு எழுதுறதெண்டு கேக்கிறார். தவமலர் பாலேந்திராவோ, உம்மட ஐயாவின்ர பேரோட தவமலர் நாகமுத்துவோ?”

தவமலர் இரண்டு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“பொறுக்கச் சொல்லுங்கோ,” என்றாள். “யோசிச்சுச் சொல்லுறன்.”