தறிச் சத்தம் இல்லாத வீடு

தறிக்காரர் பட்டப்பகலில் பாயில் மல்லாந்து, கைபேசியைக் கையில் பிடித்தபடி கூரையை முறைத்துக்கொண்டிருந்தார். ஊரடங்கில் மில்லை மூடியதிலிருந்து பொட்டுத் தூக்கமில்லை. திறக்கும்போது பாதிப் பேரைத்தான் எடுப்பார்களாம். போன் அடித்ததும் எடுப்பவனுக்கு வேலை, எடுக்காதவன் வீட்டிலேயே இருக்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அதே அறையில் முடங்கிக் கிடந்த மைத்துனன் ஓட்டலில் பாத்திரம் கழுவியவன். ஓட்டல் மூடியதும் வைத்தியனாகிவிட்டான்.

"டீயைக் குறைங்க மாமா. செய்தி பாக்காதீங்க. மனசுல கவலையே வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே, மொதல்ல நீ கொறட்டையை நிறுத்து."

பாவம், குறட்டை பெரிய குற்றமில்லை. மீசை அரும்பிய வயதிலிருந்து தறிகளின் இரைச்சலிலேயே காலம் தள்ளியவருக்கு, இந்த அமைதிதான் காதைக் குடைந்தது.

அன்று அவர் மனைவி, முகக்கவசம் தைக்க வந்திருந்த துணிகளை வெட்டிக் குவித்துவிட்டுத் தையல் மிஷினை மிதித்தாள். கடகடவென்று வீடே அதிர்ந்தது. முதல் தையல் முடிவதற்குள் தறிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். கைபேசி நழுவித் துணிக் குவியலுக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா, நிறுத்திடாதே! மாமா தூங்குறாரு!"

"கால் கடுத்தா நீ வந்து மிதிடா."

அக்காவும் தம்பியும் மாறிமாறி மிதித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சுவரை இடித்தாள். மைத்துனன் வாசலுக்கு ஓடி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். அக்கா உள்ளம் குளிர்ந்துபோய், உறங்கும் புருஷனைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

மிஷினைத் தம்பியிடம் விட்டுவிட்டு அடுத்த துணியை உருவியபோது அடியில் கைபேசி மினுங்கியது. சூப்பர்வைசர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அவள் பதறிப்போய், அவரைத் திருப்பிக் கூப்பிட்டபடி வாசலுக்கு ஓடினாள்.

"சார், கொஞ்சம் கண் அசந்துட்டாரு சார். இதோ எழுப்புறேன்..."

"ஆள் எடுத்தாச்சும்மா. வேலை வேணும்ங்கறவன் இப்படியா தூங்குவான்?"

உள்ளே வந்த அவள் முகத்தைப் பார்த்ததும் மைத்துனனின் கால் நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் தறிக்காரர் விழித்தார். சோம்பல் முறித்தார். முகம் மாப்பிள்ளைக் களையோடு இருந்தது.

"அடேயப்பா, எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி! ஏன் நிறுத்திட்டீங்க? போன் ஏதாச்சும் வந்துதா?"

"ஒண்ணும் வரல. நீங்க படுங்க."

அவள் தம்பியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். நூல் அறுந்திருந்ததைக்கூடப் பார்க்காமல், வெறும் ஊசியைத் துணியின் மேல் ஓடவிட்டாள்.